பாண்டுங்கில் பேசியது வீணா?

கேள்வி: 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடித் தோழமை பேசின. ஏழே ஆண்டுகளில் இந்தியாவும் சீனாவும் போரிட்டுக்கொண்டன. அந்த மாநாடு வெறும் பேச்சுதானே?

பதில்: பேச்சுதான், மறுக்கவில்லை. அங்கே கூடிய 29 நாடுகளில் பலவற்றுக்கு வேறென்ன கைவசம் இருந்தது? சூடானும் கோல்டு கோஸ்டும் (இன்றைய கானா) முழு விடுதலை பெறுவதற்கு முன்பே பிரதிநிதிகளை அனுப்பியிருந்தன. படையும் பணமும் இல்லாதவனுக்குச் சபையில் எழுந்து பேசுவதும் தலைகளை எண்ணிக் காட்டுவதும்தான் பலம். அந்தப் பலம் 1960 டிசம்பர் 14 அன்று தெரிந்தது. காலனிகளுக்கு விடுதலை கோரி 43 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஐ.நா. பொதுச்சபையில் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவாக 89 வாக்குகள் விழுந்தன. பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல், அமெரிக்கா உள்ளிட்ட 9 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கினவே தவிர, எதிர்த்துக் கையுயர்த்த ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

தோழமை என்றால் சச்சரவற்ற நட்பு என்று நீங்கள் எண்ணுவதாகத் தெரிகிறது. பாண்டுங்கில் கூடியவர்களுக்கே அந்த மயக்கம் இருக்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஒன்றியம் செலுத்துவதும் காலனியாதிக்கம்தானே என்று இலங்கைப் பிரதமர் ஜான் கொத்தலாவல கேட்டு அரங்கைக் கலக்கினார். உரையை ஏன் முன்கூட்டியே தம்மிடம் காட்டவில்லை என்று நேரு சினந்ததையும், ‘நீங்கள் உங்கள் உரையை என்னிடம் காட்டுகிறீர்களா?’ என்ற பொருளில் தாம் திருப்பிக் கேட்டதையும் கொத்தலாவலவே பின்னர் எழுதியிருக்கிறார். (நம்மூர்ச் சம்பந்தி வீட்டுச் சண்டையை நினைவூட்டும் காட்சி.) அவ்வளவு மோதிக்கொண்ட பிறகும், எந்த வடிவில் வந்தாலும் காலனியாதிக்கம் தீமையே என்னும் பொருள்பட, இரு தரப்பும் ஏற்கத்தக்க ஒரு வாசகத்தைக் கண்டு கூட்டறிக்கையை ஒருமனதாக வெளியிட்டார்கள். எல்லைத் தகராறு தீர்க்கும் பஞ்சாயத்தாக அந்த மாநாடு கூடவில்லை. ஆகவே 1962ஐக் காட்டி அதைத் தோற்றதாகச் சொல்வது பொருந்தாது.

குறை காண வேண்டுமானால் அந்த வாசகத்தை வைத்தே காணுங்கள். மாநாட்டைத் தன் மண்ணில் நடத்திய அதே இந்தோனேசியா, போர்ச்சுகல் கைவிட்டுச் சென்ற கிழக்குத் திமோருக்குள் 1975 டிசம்பரில் படையுடன் புகுந்தது. அங்கே மக்கள் வாக்களித்துத் தங்கள் விருப்பத்தைச் சொல்ல 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. ‘எந்த வடிவில் வந்தாலும்’ என்று எழுதியவர்கள், ஆள்பவன் வெள்ளையனாக இல்லாத வடிவம் எதிரே வந்தபோது, பெரும்பாலும் அதை அண்டை வீட்டு விவகாரமாகவே பார்த்தார்கள்.