மனித உரிமை ஆவணப்பட விழாக்களால் யாருக்காவது உண்மையில் பயன் உண்டா?

கேள்வியோடு நீங்கள் போட்டிருக்கிற விவரத்தைப் பார்த்தால் கிருஷ்ணகிரி பக்கம் ஏதோ கல்லூரியில் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து இரண்டு நாள் ஆவணப்பட விழா நடத்த ஆசை. "ஏற்கெனவே இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறவன்தான் வந்து உட்காருவான், அவனுக்கே திரும்பக் காட்டி என்ன ஆகப்போகிறது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அநேகமாக உங்கள் பேராசிரியராக இருக்கும். இல்லாவிட்டால் பணம் கேட்டுப் போன இடமாக இருக்கும்.

நான் இந்தக் கேள்வி பதில் தளத்தில் படிப்பதோடு சரி, அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் இதே கேள்விக்கு ஒருவர், "நாலு ஜோல்னாப் பை, ரெண்டு குறுந்தாடி, வெளிநாட்டுப் பணம், டீ பிஸ்கட், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஏகப்பட்ட லைக் வேறு. அப்படி ஒரு விழாவின் டீக்கும் பிஸ்கட்டுக்கும் கணக்கு எழுதியவன் நான் என்பதால் வாயைத் திறக்கிறேன்.

அரூரில் எங்களுடையது மைக் செட், பந்தல் லைட் வாடகைக் கடை. அப்பா காலத்தில் கூம்பு ஸ்பீக்கரும் இசைத்தட்டும். என் காலத்தில் பாக்ஸ், மிக்ஸர், ஒரு புரொஜெக்டர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவோம். எல்லாக் கட்சி மேடையிலும் "மைக் டெஸ்டிங்" சொன்னவன் நான், எனக்கென்று ஒரு கொள்கையும் கிடையாது. என் பழைய பதிவுகளைத் தோண்டி நான் எந்தப் பக்கம், எந்தச் சாதி என்று தேட நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம். அங்கே ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பற்றி மட்டும்தான் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஆவணப்பட விழா நடத்தவேண்டும் என்று இரண்டு பெண்களும் ஒரு பையனும் கடைக்கு வந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு புரொஜெக்டர், திரை, இரண்டு பாக்ஸ், இரண்டு கார்ட்லெஸ் மைக், நாற்பது நாற்காலி. ஆறாயிரம் சொல்லி ஐயாயிரத்துக்கு முடித்தேன். ஒரு சின்ன மண்டபத்துக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த மண்டபக்காரர் அவர்களுக்குப் போன் போட்டு, "என்ன படம்னு கேக்கறாங்கம்மா, எனக்கெதுக்கு வம்பு, வேற எடம் பாத்துக்குங்க" என்றிருக்கிறார். யார் கேட்டது என்று கடைசி வரை சொல்லவில்லை. அட்வான்ஸும் திரும்பி வரவில்லை.

சரி, நம்ம குடோனில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். நிகழ்ச்சி நின்றால் என் ஐயாயிரமும் போகும். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தை ஒட்டி தகர ஷீட் போட்ட குடோன். ஸ்டாண்டுகளையும் சீரியல் லைட் மூட்டைகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரையைக் கட்டினேன்.

முதல் நாள் மூன்றாவதோ நான்காவதோ படம். மலக்குழியில் இறங்கி வேலை செய்கிறவர்களைப் பற்றியது. படம் எடுத்தவரே வந்திருந்தார். நான் மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் பின்னணி இசை ஒன்றும் இல்லை, சவுண்டு வேறு கம்மியாக இருந்தது. பின்னாலிருந்து "சவுண்டு, சவுண்டு" என்றார்கள். ஏற்றினேன்.

ஏற்றியதும் குடோன் முழுக்க ஒரு சத்தம் வந்தது. தகர வாளி சிமெண்ட் உறையில் உரசிக்கொண்டு மேலே ஏறுகிற சத்தம். ஒரு தரம் உரசி நிற்கும், பிறகு கொட்டுகிற சத்தம், பிறகு காலி வாளி கீழே இறங்கும்போது கணீரென்று ஒன்று. தகர ஷீட்டில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டது. முப்பது வருடமாகச் சத்தத்தோடு பிழைக்கிறவன், எந்தச் சத்தம் எங்கே கேட்டது என்று மறக்க மாட்டேன். இதை நான் கேட்டது அதற்கு முந்தைய மாதம், இதே குடோனுக்குப் பின்னால்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுச் செப்டிக் டேங்க் அந்தச் சந்தில் இருக்கிறது. பழைய காலத்து உறை இறக்கிய குழி. சந்து குறுகல், கழிவை உறிஞ்சுகிற லாரி உள்ளே வராது. மெயின் ரோட்டிலிருந்து அவர்கள் வைத்திருக்கிற ஓஸ் எட்டாது. அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெரியவரைக் கூப்பிடுவோம். அப்பா காலத்திலிருந்து அவர்தான். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும் ஒரு குவார்ட்டரும். அவர் உள்ளே, அவர் மகளின் வீட்டுக்காரர் மேலே வாளியோடு. நான் அன்றைக்கு வாசல் பக்கம் நின்று, வாடை அடிக்கிறது என்று ஊதுவத்தி கொளுத்தினேன்.

படம் முடிந்து பேச்சு ஆரம்பித்தது. தர்மபுரி கோர்ட்டிலிருந்து வந்திருந்த ஒரு வக்கீல் சட்டம் சொன்னார். 2013-ல் வந்த சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்கினால், இறக்கிய வீட்டுக்காரன் மீதே வழக்கு. முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். குழியில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது (2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கினார்கள், அது நான் பிறகு செய்தியில் பார்த்தது). படம் எடுத்தவர் இன்னொன்று சொன்னார். குழிக்குள் இருக்கிற வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்துப் போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று இறங்குகிறவர் விழுவார், அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். அதனால்தான் செய்தியில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருகிறது.

எனக்கு மிக்ஸரிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா எழுந்து மைக்கை வாங்கினார். அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கேட்டது: "படத்துல அந்த ஆளு ஒரு எடத்துல கையுறை போட்டிருக்காரு. அது அவரோடதா, படம் எடுக்கறதுக்கு நீங்க குடுத்ததா?" இயக்குநர் கொஞ்சம் திணறி, படப்பிடிப்பு சமயத்தில் தாங்கள் வாங்கிக் கொடுத்தது என்று ஒப்புக்கொண்டார். "அதச் சொல்லணுமில்லீங்களா? இல்லன்னா எங்களுக்கு கையுறை இருக்குதுன்னு பாக்கறவங்க நெனச்சுக்குவாங்க." கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. இயக்குநர் குறித்துக்கொண்டார்.

டீ இடைவேளையில் அதே அக்கா கை கழுவத் தண்ணீர் கேட்டார். சந்துக் குழாயைக் காட்டினேன். குழாய்க்குப் பக்கத்தில்தான் டேங்க் மூடி. பூசிய சிமெண்ட் இன்னும் வெளுக்காமல் புதுசாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தார்.

"போன மாசம் தொறந்தீங்களாணா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

"எங்க சித்தப்பாதான் வந்திருப்பாரு. இந்தத் தெருவுக்கு அவருதான்." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. "ஏற்கெனவே ஒப்புக்கொண்டவன்தான் வருவான்" என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, வரவேண்டிய எண்ணமே இல்லாமல் அங்கே மாட்டிக்கொள்கிறவர்கள். மைக் செட்காரன், டீ கொண்டுவருகிற பையன், நாற்காலி அடுக்குகிறவன். எங்கள் குடோனுக்கு மஃப்டியில் ஒரு ஏட்டும் வந்தார், யார் யார் வருகிறார்கள் என்று குறிப்பெடுக்க. இரண்டு நாளும் ஒரு படம் விடாமல் பார்த்தவர் அவர் ஒருவர்தான், நடத்தியவர்கள்கூட நடுவில் சாப்பிடப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெதுவாக அந்த மலக்குழிப் பட இயக்குநர் பக்கம் போய், "அந்தப் படத்துல வர்ற அம்மாவுக்கு நிவாரணப் பணம் வந்துருச்சுங்களா சார்?" என்று கேட்டார். வரவில்லை என்றதும் உச்சுக் கொட்டினார். தன் குறிப்பில் அதையும் எழுதினாரோ என்னவோ.

யூடியூபில் போட்டால் போதாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போடட்டும். 2017-ல் மலம் அள்ளுகிறவர்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குப் பல இடத்தில் திரையிட அனுமதி கிடைக்காமல் கடைசியில் யூடியூபில்தான் ஏறியது, நிறையப் பேர் பார்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வாளிச் சத்தம் போனில் வந்திருந்தால் நான் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பேன். அன்றைக்கு மிக்ஸர் என் கையில், கூட்டம் முன்னால். எழுந்து போக வழியில்லை.

"இதெல்லாம் பேப்பரில் வருகிற சமாச்சாரம்தானே" என்பவர்களுக்கு ஒன்று. வாச்சாத்தி எங்கள் தாலுகா, சித்தேரி மலை அடிவாரம். 1992 ஜூன் 20-ல் வனத்துறையும் போலீசும் அங்கே புகுந்து மக்களை அடித்து, பெண்களைப் பலாத்காரம் செய்தபோது நான் சின்னப் பையன். அந்த ஊர்ப் பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுவந்து வைத்தது அரூர் வனத்துறை அலுவலகத்தில். அந்தப் பக்கம் போகாதே என்று அம்மா சொன்னது மட்டும் எனக்கு நினைவு. ஊருக்குள் பேச்சு என்ன? "சந்தனக் கட்ட திருடுனவங்க, புடிச்சிருக்காங்க." அதோடு முடிந்தது. 2011 செப்டம்பரில் தர்மபுரி கோர்ட் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அதுவரை பத்தொன்பது வருடம், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊரைப் பற்றி நாங்கள் அந்தச் சந்தனக் கட்டைக் கதையைத்தான் நம்பிக்கொண்டிருந்தோம். பேப்பரும் எங்கள் கடைக்கு தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த வருடங்களில் யாராவது ஒரு திரையைக் கட்டி அந்தப் பெண்கள் பேசுவதை அரூரில் காட்டியிருந்தால் ஊர் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். கல்லெறிந்திருப்பார்கள் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனாலும் காது வழியாக உள்ளே போயிருக்கும்.

கேபிள் சுருட்டும்போது, விழா நடத்திய அந்தப் பையன் நிறையச் சொன்னான். செக் நாட்டில் பிராக் நகரத்தில் 'ஒரே உலகம்' என்று 1999-லிருந்து ஒரு மனித உரிமை ஆவணப்பட விழா நடக்கிறதாம், தலைநகரத்தோடு நிறுத்தாமல் அப்புறம் அதே படங்களைச் சின்னச் சின்ன ஊர்களுக்கும் கொண்டுபோகிறார்களாம். மதுரையில் அமுதன் என்கிற ஆவணப்பட இயக்குநர் 1998-லேயே ஆவணப்பட விழா ஆரம்பித்துவிட்டார் என்றான். 2004-ல் அரசு நடத்திய மும்பை ஆவணப்பட விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்று வேண்டும் என்று கிளப்பி, எதிர்ப்பு வந்ததும் அதை விட்டாலும் பல படங்களைக் கழித்துவிட, கழிக்கப்பட்டவர்கள் 'விகல்ப்' என்று பக்கத்திலேயே தனி விழா நடத்திய கதையும் சொன்னான். மண்டபம் பறிபோனதற்கு அவன் அவ்வளவாகக் கலங்காத காரணம் அப்போது புரிந்தது. அவர்களுக்கு அது பழக்கம்.

ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கே என் வாடகை ஐயாயிரத்தையும் எண்ணிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டுப் பணம் என்கிறவர்கள் கவனிக்கவும், எல்லாம் நூறும் ஐம்பதுமாகக் கசங்கிய நோட்டு. போன தேர்தலுக்குக் கூட்டம் போட்ட ஒரு கட்சி எனக்கு இன்னும் பதினெட்டாயிரம் தரவேண்டும். கேட்கப் போனால் "நம்ம கட்சிக்காரன்தானே நீ" என்கிறார்கள், நான் எப்போது ஆனேன் என்று தெரியவில்லை. பத்து மணிக்கு மேல் ஒரு கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டால் என் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போகிற போலீஸ், கட்சிக் கூட்டம் பதினொன்று வரை நடந்தால் பாதுகாப்பு கொடுக்கிறது. சரி, அது வேறு கதை, விடுங்கள்.

திருந்திவிட்டாயா என்று கேட்பீர்கள். அடுத்த முறை டேங்க் நிரம்பியபோது சேலத்திலிருந்து நீள ஓஸ் உள்ள லாரியை வரவழைத்தேன். நாலாயிரத்து இருநூறு. வீட்டில் ஒரு வாரம் திட்டு. இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியவரே கடைக்கு வந்தார். "வாங்க" என்றேன். அவரை அதுவரை "வாப்பா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், அப்பா வயசு அவருக்கு. ஒரு மாதிரி பார்த்தார். "என்ன மொதலாளி புதுசா? லாரி வந்துச்சாமே. நாந்தான் இருக்கேனே, சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல" என்றார். சட்டம் சொன்னேன், வாயு சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டு, "அந்த ஆயிரத்தைந்நூறு யாரு குடுப்பா?" என்றார். நாற்காலி இறக்குகிற வேலைக்குக் கூப்பிட்டேன். இரண்டு கல்யாணத்துக்கு வந்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது, அப்புறம் வரவில்லை. வேறு தெருவில் இன்னும் இறங்குகிறார் என்று கேள்வி. அந்த விழாவில் இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நானும் எழுந்து கேட்கவில்லை.

நீங்கள் நடத்துவதாக முடிவு செய்தால் கல்லூரி அரங்கத்துக்குள் மட்டும் நடத்தாதீர்கள், அங்கே வாட்ச்மேன்கூட உள்ளே வர மாட்டார். மாங்காய் மண்டி குடோன் ஏதாவது கிடைக்கிறதா பாருங்கள், சீசன் முடிந்தால் காலியாகத்தான் கிடக்கும். கிருஷ்ணகிரி வரை வர எனக்கு வண்டி வாடகை தந்தால் போதும், புரொஜெக்டருக்கு வேண்டாம். நாற்காலி மட்டும் நாற்பதுக்கு மேல் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் முதல் நாள் முப்பத்தொரு பேர், இரண்டாம் நாள் பத்தொன்பது, அதில் ஏட்டும் உண்டு.