அம்மாவுக்கு வாசித்துக்காட்ட ஒரு நாவல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வேலூரை அடுத்த காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். தண்ணீரில்லாத ஆறும், சாமியில்லாத கோயிலும், அழகில்லாத பெண்களும் உள்ள எங்கள் ஊரை நீங்கள் நன்கறிவீர்கள். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. மாலை வேளைகளில் நான் வாசித்துக்காட்டுகிறேன்; கல்லூரியில் படிக்கும் மகளும் உடன் உட்கார்ந்து கேட்கிறாள். நகைச்சுவை நாவல் என்று நம்பி வாங்கியவற்றில் இரட்டை அர்த்தம் வரும் பக்கங்களைத் தாண்டித் தாண்டி வாசித்ததில் கதையே விளங்காமல் போயிற்று. பழையவை எல்லாம் அக்கிரகாரத்துக் கதைகள் என்கிறாள் மகள். ஆபாசம் இல்லாமல், பெரியவர்களைச் சிரிக்கவைக்கும் நாவல்கள் எவை? இன்று ஏன் யாரும் அப்படி எழுதுவதில்லை? ஒலிநூல்களாகக் கிடைக்குமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

தாய்க்கு வாசித்துக்காட்டும் மகனுக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியாது. ஒலிநூலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்; உங்கள் குரல் இருக்கும்போது அது எதற்கு? இன்று ஏன் எழுதுவதில்லை என்ற கேள்வியையும் விட்டுவிடுகிறேன். எழுதுகிறார்கள், நாம் தேடுவதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வாக்கியத்தை விடமாட்டேன். ஆபாசமில்லாத நகைச்சுவையைக் கேட்டு எழுதும் கடிதத்தில், அம்மாவையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘அழகில்லாத பெண்கள்’ என்று எப்படி எழுதினீர்கள்? நானும் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரன்தான். இந்தச் சொலவடையைக் கேட்டே வளர்ந்தேன். அதில் முதல் இரண்டும் நல்ல நகைச்சுவை. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பியவன் அல்லவா ‘தண்ணீரில்லாத ஆறு’ என்று சொல்லியிருப்பான்? வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மூலவர் இல்லாமல் பல தலைமுறைகள் வெறும் கல் மண்டபமாக நின்றதைக் கண்டவன் சொன்னது மற்றொன்று. இருவரும் தம் குறையைத் தாமே சொல்லிச் சிரித்தவர்கள். மூன்றாவதைச் சொன்னவன் எதையும் பார்க்கவில்லை. பட்டியலை நீட்ட ஆள் தேடியிருக்கிறான், திருப்பிப் பேசமாட்டார்கள் என்று நம்பிப் பெண்களைச் சேர்த்துவிட்டான். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து கோயிலில் மறுபடியும் பூசை நடக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை நீங்களே பாலத்தருகே நின்று பார்த்திருப்பீர்கள். சொலவடை மட்டும் மாறவில்லை. பட்டிமன்ற மேடையில் மனைவியின் பருமனைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவதும், திக்குவாய்க்காரரைப் போலப் பேசிக்காட்டுவதும் உங்கள் கணக்கில் ஆபாசத்தில் சேரவில்லை; படுக்கையறை மட்டும் சேர்ந்துவிடுகிறது. இந்தக் கணக்கோடுதான் எனக்குச் சண்டை.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மத்தியானத்துக்கு மேல் பீடி சுற்றும் பெண்கள் வந்து உட்காருவார்கள். மடியில் முறம், ஈர இலையின் மேல் தகரத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைத் தூவி, சுருட்டி, முனையை மடித்து நூல் கட்டுவதற்குள் நான் ஒரு வாக்கியம் வாசித்து முடித்திருக்கமாட்டேன். பள்ளி விட்டு வந்ததும் பத்திரிகை வாசித்துக்காட்டுவது என் வேலை. ஒருநாள் ஏதோ ஒரு வார இதழில் வந்த கொச்சையான துணுக்கைப் பொருள் புரியாமலேயே உரக்க வாசித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு அல்ல, அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை எழுத்தில் வைத்தால் அந்த இதழ் தீப்பற்றிக்கொள்ளும். மூத்தவரான ஒரு பாட்டி தலைநிமிராமல், “இதுக்கு இன்னா நைனா சிரிப்பு? இத்தவிட நாங்களே நல்லா சொல்லுவோம். அடுத்த பக்கம் தள்ளு” என்றார்.

அதே திண்ணையில், வார இதழ்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த ‘வாஷிங்டனில் திருமண’த்தை வாசித்திருக்கிறேன். அதை எழுதிய சாவி 1916இல் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் மாம்பாக்கத்தில் பிறந்தவர். அய்யர் வீட்டுக் கல்யாணத்தை அந்தப் பெண்களில் ஒருவரும் பந்தலுக்குள் நுழைந்து பார்த்ததில்லை. ஆனால் சம்பந்திச் சண்டை வந்த இடத்தில் சுற்றிய பீடியைக் கட்ட மறந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் கோபத்தை அவர்களும் அறிவார்கள். ஆகவே அக்கிரகாரம் என்று உங்கள் மகள் சொல்வது உண்மையே ஆனாலும் அதற்காகப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கியாஸ் விளக்குச் சுமக்க நரிக்குறவர்களை அமெரிக்காவுக்கு விமானத்தில் கூட்டிக்கொண்டு போகும் பகுதியில், அன்று சிரித்த நான் இன்று நெளிகிறேன். அங்கே நிறுத்தி மகளோடு பேசுங்கள், அவளுக்குச் சொல்ல இருக்கும்.

நம் மண்ணின் இன்னொருவர் எஸ்.வி.வி. 1989இல் தனி மாவட்டமாகும்வரை வட ஆற்காட்டில் இருந்த திருவண்ணாமலையில் வக்கீல் தொழில் பார்த்தவர். முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பேர் வாங்கிவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தமிழுக்கு வந்தார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதை அவரைப் போல ஒட்டுக்கேட்டவர் குறைவு. அவர் கதைகளில் பேச்சில் தோற்பவன் பெரும்பாலும் கணவனே.

சரி, நீங்கள் கேட்ட பட்டியலுக்கு வருகிறேன். முதலில் மலையாள எழுத்தாளர் பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1954இல், அவர் எழுதியது, 1959இல் வெளிவந்தது. வீடு நிறைய உறவுகள், எல்லோருக்கும் அவரிடம் காசு வேண்டும், வீட்டுக்குள் ஓர் ஆடு. அந்த ஆடு அவருடைய புத்தகங்களையே தின்கிறது. தன் எழுத்து ஆட்டின் வயிற்றுக்குள் போவதைப் பார்த்து மகிழும் எழுத்தாளரை உங்கள் மகள் வேறெங்கும் சந்தித்திருக்கமாட்டாள். அக்கிரகாரமும் அதில் இல்லை. அடுத்தது அசோகமித்திரனின் ‘ஒற்றன்!’. அமெரிக்காவின் அயோவா நகரத்தில் பல நாட்டு எழுத்தாளர்களோடு தங்கியிருந்த அனுபவம்; குரலை உயர்த்தாமல் சிரிக்கவைப்பார், ஆகவே நீங்களும் குரலை உயர்த்தாமல் வாசியுங்கள்.

அதற்குப் பின் எழுத்தாளர் தேவன். ‘துப்பறியும் சாம்பு’ தனித்தனிக் கதைகளாக இருப்பதால் ஒரு மாலைக்கு ஒன்று போதும். கண்ணுக்கு மருந்து விட்டுவிட்டு அம்மா தூங்கப் போகலாம். ‘ஜஸ்டிஸ் ஜகந்நாத’னைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு கொலை வழக்கு விசாரணை. பாதியில் நிறுத்த அம்மா விடமாட்டார்கள். எதையும் முந்தின நாள் நீங்கள் ஒருமுறை மனத்துக்குள் படித்துச் சிரித்து முடித்துவிடுங்கள். வாசிக்கும்போது நீங்களே முந்திச் சிரித்தால் அடுத்த வரி யாருக்கும் காதில் விழாது.