பதினாலாவது வளைவு எங்கே போனது?

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு 61 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து எடைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். பேரன் லேப்டாப்பில் எழில் என்ற, தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதும் கம்ப்யூட்டர் மொழியைப் போட்டுக் கொடுத்து, "எழுதிப் பாருங்க பாட்டி" என்றான். சின்ன வயதில் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவேன். குன்னூர் வரை 14. அதையே எண்ணவைக்கலாம் என்று இப்படி எழுதினேன்:

@( வளைவு = 1, வளைவு < 14, வளைவு = வளைவு + 1 ) ஆக
    பதிப்பி வளைவு
முடி

13 வரை வந்து நின்றுவிட்டது. பேரன் ஒரு குறியைச் சேர்த்தான், சரியாகிவிட்டது. ஏன் என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்கிறான். இன்னொன்று, முதலில் நான் 'பதிப்பி' (அச்சிடு) என்று 14 வரிகள் தனித்தனியாக எழுதியிருந்தேன். அது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பிறகு எதற்கு, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் இந்த லூப்?

குன்னூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள அம்மா,

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். பஸ்ஸை விட்டு மலை ரயிலில் ஏறுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 208 வளைவுகள். தனித்தனியாக எழுதினால் 208 வரி. லூப்பில் 14-ஐ அழித்து 208 என்று போட்டால் வேலை முடிந்தது. 14 வரியில் நீங்கள் தப்பவில்லை என்பதை நம்புகிறேன், கொழுந்துக் கணக்கு எழுதிய கை. 208-ல் நான் கண்டிப்பாகத் தப்பியிருப்பேன்.

இப்போது காணாமல் போன வளைவு. நீங்கள் எழுதியதில் அடைப்புக்குறிக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள்: எங்கே தொடங்குவது, எதுவரை தொடர்வது, ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு கூட்டுவது. தகராறு நடுவில் இருப்பவரிடம்தான். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள், எடைச் சீட்டின் பின்பக்கமே போதும். 'வளைவு' என்று தலைப்புப் போட்டு அதன் கீழே 1 என்று எழுதுங்கள். 1, 14-ஐ விடச் சின்னதா? ஆமாம். அச்சாகும். ஒன்று கூட்டினால் 2. இப்படியே வந்துகொண்டிருந்தால் 13-க்கு வருவீர்கள். 13 சின்னதுதான், அச்சாகும். கூட்டினால் 14. இங்கேதான் பாருங்கள்: 14, 14-ஐ விடச் சின்னதா? இல்லை. லூப் வெளியே வந்துவிடும். அதாவது கம்ப்யூட்டர் பதினாலாவது வளைவு வரை வந்தது. வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டது. லூப் முடிந்த பிறகு, கீழே தனியாக 'பதிப்பி வளைவு' என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள், 14 வரும்.

பேரன் சேர்த்தது சமக்குறி. < என்பதை <= ஆக்கினால் 'சின்னதா அல்லது சமமா' என்று கேட்கும். 14 சமம், அதனால் அச்சாகும். 'அது அப்படித்தான்' என்று அவன் சொன்னதற்கு அவனைக் கோபிக்காதீர்கள். ப்ளஸ் டூவில் பைத்தான் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அதில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் என்பதற்கு 1, 14 என்று கொடுத்தால் 13-ல் நின்றுவிடும். கடைசி எண்ணைச் சேர்க்காமல் விடுவது அந்த மொழியின் வழக்கம். அதில் ஒரு லாபமும் உண்டு: 14-லிருந்து 1-ஐக் கழித்தால் எத்தனை சுற்று என்று நேராகத் தெரிந்துவிடும். நான் முதலில் படித்தது பேசிக். 1964-ல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும், கணிதமும் அறிவியலும் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தொடட்டும் என்று செய்த மொழி. அதில் '1 முதல் 14 வரை' என்று எழுதினால் 14-ம் சேர்த்திதான். அந்தப் பழக்கத்தோடு பைத்தானுக்கு வந்து நான் பட்ட பாடு தனிக்கதை.

ஆனால் என் பெரிய தப்பு கம்ப்யூட்டரில் நடக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கேரட் போட்டிருந்தேன், 120 அடி நீளம். வேலிக்குப் பத்தடிக்கு ஒரு கல் என்று கணக்குப் போட்டு 12 கல் வாங்கிவந்தேன். நட்டுக்கொண்டே போனால் கடைசி மூலையில் கல் இல்லை. இடைவெளி பன்னிரண்டு, கல் பதிமூன்று! மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். அன்று இரவே காட்டுப்பன்றி அந்தப் பத்தடி வழியாக வந்து பாதிப் பாத்தியைக் கிண்டிவிட்டது. அதற்கப்புறம் எந்த லூப்பை எழுதினாலும், நான் எண்ணுவது கல்லையா இடைவெளியையா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வேன்.

லூப் என்பதைப் பாடப்புத்தகத்தில் 'மடக்கு' என்கிறார்கள். பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, எனக்கென்னவோ பிடித்திருக்கிறது. செய்யுளில் மடக்கணி என்று ஒன்று உண்டல்லவா, வந்த சொல்லே திரும்ப வந்து வேறு பொருள் தருவது. உங்கள் 'பதிப்பி வளைவு' என்கிற வரியும் அப்படித்தான். எழுத்து மாறவில்லை, ஒவ்வொரு தடவையும் பொருள் வேறு. முத்து அண்ணாமலை எழிலை உருவாக்கியபோது 'ஆக' என்ற சொல்லை நிபந்தனைக்குப் பின்னால் வைத்ததும் எனக்குப் பிடிக்கும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதுபோல.

சரி, அடுத்து இறங்கிப் பாருங்கள். 14-ல் தொடங்கி 1 வரை. அதற்கு மூன்று பேரையும் மாற்ற வேண்டும். மூன்றாமவரை மட்டும் மறந்து +1 என்றே விட்டுவிட்டால் 15, 16, 17 என்று போய்க்கொண்டே இருக்கும், பஸ் நிற்கவே நிற்காது. பயப்பட வேண்டாம், கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும்.

அது வந்துவிட்டால் இன்னொன்று. மலை ஏறத் தொடங்கும் கல்லாறிலிருந்து குன்னூர் வரை வளைவு 14 என்றால், வளைவு அல்லாத சாலைத் துண்டுகள் எத்தனை? தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பேரனிடம் கேட்காமல் எழுதி அனுப்புங்கள்.