உலகக் காரியம்

அன்புள்ள ஐயா,

தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்க உட்காருகிறேன். இரண்டு நிமிடம்கூட மனம் நிற்பதில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும், மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், மாமியாருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று உலகக் காரியங்களே முன்னால் வருகின்றன. என் விசுவாசம் குளிர்ந்துவிட்டதா? உபவாசக் கூட்டங்களுக்குப் போனால் சரியாகுமா?

ஒரு வாசகி, மார்த்தாண்டம்

அன்புள்ள சகோதரி,

கூட்டத்துக்குப் போவதும் போகாததும் உங்கள் வசதி. விசுவாசத்தின் சூட்டை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஐந்து மணிக்கு எழுகிறீர்களே, வீட்டில் வேறு யாராவது எழுகிறார்களா? அது இருக்கட்டும். 'உலகக் காரியங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை.

மாமியாரின் மாத்திரை உலகக் காரியமா? யார் உங்களுக்கு இப்படிச் சொல்லித் தந்தது? பரமண்டல ஜெபத்தில் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று தினமும் கேட்கிறீர்கள். அந்த ஆகாரத்தை வேகவைக்கும் கேஸ் மட்டும் பாவமாகிவிடுமா? உயிர்த்தெழுந்தவர் திபேரியா கடற்கரையில் என்ன செய்தார்? இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் அகப்படாமல் அலுத்தவர்களுக்குக் கரிநெருப்பில் மீன் வைத்து, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார். குளச்சலிலோ முட்டத்திலோ விடியற்காலையில் கரையில் நின்றவர்களுக்கு அந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை வேண்டாம். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட்டில் ஏற முயன்ற ஆங்கிலேய மருத்துவர் சாமர்வெல்தான் நம் நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டு குடல்புண்ணுக்குக் கத்தி பிடித்தவர். கடவுள் மலையுச்சியில் மட்டும் இருப்பவர் என்று நினைத்திருந்தால் அந்த மனிதருக்கு நெய்யூரில் என்ன வேலை?

என் பாட்டி கண்ணை மூடி நீளமாக ஜெபித்து நான் பார்த்ததில்லை. உலையில் இடுமுன் சுளவிலிருந்து, அதாவது முறத்திலிருந்து, ஒரு பிடி அரிசி எடுத்து, அடுக்களை மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். பிடியரிசி. வாரம் ஒருமுறை சபைப் பெண்கள் வந்து அளந்து வாங்கிப்போவார்கள்.

மழைக்காலத்தில் பனையேற்று நின்றுவிடும். கருப்பட்டிக் காசு கையில் இருக்காது. இரண்டு வேளையும் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்குதான். அப்படியொரு நாளில் எனக்குக் காய்ச்சல். கிழங்கு வேண்டாம், கஞ்சிதான் வேண்டும் என்று அழுதேன். சுளவில் கிடந்தது உழக்கு அரிசிக்கும் குறைவு. பாட்டி வழக்கம்போல் ஒரு பிடி அள்ளினாள். கை கலயத்தின் வாய்க்கு மேலே போய் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கையைச் சுளவுக்கு மேலே கொண்டுவந்து, விரல்களைத் தளர்த்திப் பாதியை உதிரவிட்டாள். மீதியைக் கலயத்தில் போட்டுவிட்டு, "உமக்குத் தெரியும்" என்றாள். வீட்டில் அப்போது நானும் அவளும்தான் இருந்தோம். என்னை அவள் 'நீ' என்றுதான் சொல்லுவாள்.

அந்த வாரம் அரிசி வாங்க வந்த அம்மாள் கலயத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "என்ன, குறைகிறதே?" என்று முகம் சுளித்தார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.