உழைப்பையும் உபயமாக எழுதுங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் ஊருணித் துப்புரவு, மாலை வகுப்பு, கோயில் விழா போன்ற பொதுவேலைகளுக்குச் சிலர் தாமாகவே வருகிறார்கள். இரண்டு மூன்று முறை வந்தபின் நின்றுவிடுகிறார்கள். அவர்களை எப்படிப் பாராட்டி ஊக்கப்படுத்துவது? பணப்பரிசு கொடுக்கலாமா?

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், ஊருணியைப் பராமரிக்கும் குழுவுக்குக் கணக்கு எழுதுபவன் நான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தவரின் பெயரை எவ்வளவு கவனமாக எழுதி வைக்கிறோமோ, அதே கவனத்தோடு உழைத்தவரின் பெயரையும் எழுதி, ஊர் கூடும் இடத்தில் வாய்விட்டுப் படித்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். சால்வை, கேடயம், பணப்பரிசு எல்லாம் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியவை. அவற்றில் சிலவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

செட்டிநாட்டுக் கோயில்களுக்குச் சென்றவர்கள் கவனித்திருப்பார்கள். குழல்விளக்கு, மின்விசிறி, வெண்கல மணி, படிக்கல் என எதைப் பார்த்தாலும் 'உபயம்' என்று ஒரு பெயர் இருக்கும். சில குழல்விளக்குகளில் எழுத்துப் போக எஞ்சிய இடத்தில்தான் வெளிச்சமே வருகிறது. இதில் பழிக்க ஒன்றுமில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்தவர்கள் ஈட்டிய பணத்தில்தான் இப்பகுதியின் பல ஊருணிகளும் சத்திரங்களும் பாடசாலைகளும் எழுந்தன. வரவில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கித் தருமத்துக்குத் தனிக் கணக்கு வைத்த மரபு இது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடிக்கு வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததும், 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டியதும் இங்கே பலருக்கு மனப்பாடம். கொடையை இத்தனை துல்லியமாக நினைவில் வைத்திருக்கும் ஊர்களில், போன வருடம் ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இறங்கி மண் வெட்டியவர் யார் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கேட்டவுடன் பணம் அனுப்பிவிடுகிறார்கள்; பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு நடுவே இன்னும் குடியிருக்கும் சிலரை நம்பித்தான் வேலை நடக்கிறது. ஆகவே இன்றைக்கு எங்களுக்குத் தட்டுப்பாடு பணத்தில் அல்ல, ஆளில்தான்.

ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசி ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் ஊருணியின் வரத்துக்காலைச் சுத்தம் செய்வது வழக்கம். சீமைக்கருவேல முட்களை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும், செம்புறாங்கல் படிகளுக்கிடையே முளைத்த செடிகளைப் பிடுங்க வேண்டும், பிளாஸ்டிக் குப்பையைச் சாக்கில் கட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். ஒரு வருடம் இந்த வேலை முடிந்ததும் சிறு விழா ஒன்று வைத்தார்கள். பந்தலில் முன்வரிசை நாற்காலிகளில் நன்கொடையாளர்கள். ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு புகைப்படம். முள் வெட்டியவர்கள் பந்தல்காலைப் பிடித்தபடி பின்னால் நின்றார்கள். அவர்களில் ஒருவர் காலில் தைத்த முள்ளை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் 'மற்றும் உதவிய அனைவருக்கும் நன்றி' என்றார்கள். அடுத்த வருடம் வந்தவர்கள் பாதிப் பேர்தான். எனக்கு இதில் வியப்பில்லை.

அதன்பின் நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. நன்கொடைப் பேரேட்டிலேயே 'உழைப்பு' என்று ஒரு பகுதி திறந்தோம்: தேதி, பெயர், செய்த வேலை, நேரம். ஊர்ப்பொங்கலன்று கோயில் முன்னால் வரவு செலவு படிக்கும்போது, பணப்பகுதியைப் படித்த அதே குரலில் இதையும் படிக்கிறோம். இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெண்களை 'இன்னார் வீட்டம்மா' என்று எழுதக்கூடாது. சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும். முதல்முறை தன் பெயரைக் கேட்ட ஒரு அக்கா, "ரேசன் கார்டுக்கு அடுத்தபடி இந்த நோட்டுலதாண்ணே என் பேரு இருக்கு" என்று சிரித்தார். அவர் பிறகு தம் சுய உதவிக்குழுவிலிருந்து மேலும் நால்வரைக் கூட்டிவந்தார். இன்னொன்று, வரிசை. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, காளாஞ்சி என்ற பிரசாதத் தட்டு யாருக்கு என்ற வழக்கில் திருவிழாவே நின்றுபோன ஊர்கள் நம் பக்கம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பாராட்டு என்று ஆரம்பித்து அந்தச் சண்டைக்கு இன்னொரு களம் அமைத்துக் கொடுத்துவிடக்கூடாது. ஆகவே நாங்கள் சாதிப் பெயர் இல்லாமல், அகர வரிசையில் படிக்கிறோம். 'சிறந்த தன்னார்வலர்' என்று ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் மகிழ, பலர் முகம் வாடும்.

ஊராட்சியின் பதிவேட்டிலும் இடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாட்கள் இப்போது ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால், நீர்நிலை வேலை செய்தவர்களுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஐ.நா. அவை அறிவித்த பன்னாட்டுத் தன்னார்வலர் நாள் டிசம்பர் 5. அப்போது எங்கள் பக்கம் மழைக்காலம், ஊருணி நிறைந்திருந்தால் உழைத்தவர்களை அழைத்து வந்து காட்டலாம்.

பணப்பரிசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இஸ்ரேலில் வீடு வீடாக நன்கொடை திரட்டிய பள்ளி மாணவர்களை வைத்து ஊரி நீசி, ஆல்டோ ருஸ்டிசீனி என்ற பொருளியல் அறிஞர்கள் செய்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குப் பணியின் முக்கியத்துவம் மட்டும் சொல்லப்பட்டது. மற்ற இரு பிரிவினருக்கும் அதோடு, திரட்டும் தொகையில் முறையே ஒரு விழுக்காடும் பத்து விழுக்காடும் தனியாகத் தரப்படும் என்று கூறப்பட்டது. அதிகம் திரட்டியவர்கள் எதுவும் பெறாதவர்கள். மிகக் குறைவாகத் திரட்டியவர்கள் ஒரு விழுக்காடு பெற்றவர்கள். சின்னத் தொகையைக் கையில் வைத்தவுடன் வேலை கூலிக் கணக்குக்கு வந்துவிடுகிறது, அந்தக் கூலியோ கட்டுப்படியாகாது என்பதை நம் ஊரிலும் காணலாம். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தது வேறு வகை. நாள்தோறும் மாலையில் பிள்ளைகளோடு உட்கார வேண்டிய, மாதக்கணக்கில் நீளும் வேலை அது. ஒரு ஞாயிறு காலை வேலைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

ஆனால் பரிசு தராமல் இருப்பது வேறு, வருபவரின் கைப்பணம் கரைய விடுவது வேறு. பெட்ரோல் செலவு, தேநீர், பலகாரம், தடித்த கையுறை, முள் தைத்தால் தடுப்பூசிக்கு அழைத்துப் போக ஒரு வண்டி, இவை பொதுக்கணக்கிலிருந்தே போக வேண்டும். கையுறை வாங்காமல் கேடயம் வாங்குகிற குழுவை நான் மதிப்பதில்லை.

நேரமும் அப்படித்தான். 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழா, குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிவதற்குப் பெயர் பெற்றது. ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஆறு மணிக்கு மண்வெட்டியும் ஆள் பிரிப்பும் தயாராக இருக்க வேண்டும். வந்தவரை ஏழரை வரை நிற்கவைத்துவிட்டு மாலையில் சால்வை போர்த்துவது மரியாதை ஆகாது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் சான்றிதழ் கட்டாயம் கொடுங்கள். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் அவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் காகிதம் உதவும். அதில் 'சிறப்பாகச் செயல்பட்டார்' என்று பொதுவாக எழுதாமல், எந்த ஊருணியில், எந்தத் தேதிகளில், என்ன வேலை, எத்தனை மணி என்று நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். வராதவருக்கு ஒன்றும் எழுதித் தராதீர்கள். சிபாரிசு வரும், சமாளிக்க வேண்டும்.

இரண்டு மூன்று முறைக்குப் பிறகு நின்றுவிடுகிறவர்களைப் பற்றி இரண்டு விஷயங்கள். மூன்றாம் முறை வந்தவருக்கு ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் நகரச் சிவன்கோயில்களில், நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர்கள் முறைவைத்துப் பொறுப்பேற்று, காலம் முடிந்ததும் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. நம்மிடம் சாவியைக் கொடுக்கிறார்கள் என்பதே அங்கே பெருமை. கருவிகள் வைக்கும் அறையின் சாவி, தேநீர்க் கணக்கு, ஆட்களை அழைக்கும் பட்டியல் என்று சிறிதாகவே இருக்கட்டும், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். ஒரே தலைவர் இருபது வருடம் இருக்கும் சங்கத்தில் இளைஞர்கள் தங்க மாட்டார்கள்.

மற்றொன்று, நின்றுவிட்டவர் வீட்டுக்கு ஒரு நடை போய் விசாரிப்பது. கோபித்துக்கொண்டு நின்றவர்கள் சிலர்தான். பலருக்கு வேலை நேரம் மாறியிருக்கும், பிள்ளை பிறந்திருக்கும், முதுகுவலி இருக்கும். எங்கள் குழுவில் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் பிழைப்புக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார். இப்போது புரட்டாசியில் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் அங்கிருந்தே எல்லோரையும் தொலைபேசியில் அழைத்து, யார் வருகிறார்கள் என்ற பட்டியலைச் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு மணி நேரத்தையும் உழைப்புப் பகுதியில் அவர் பெயரில் எழுதுகிறோம்.