மேடைக் கச்சேரிக்காகவே எடுக்கப்பட்ட தொலைக்காட்சி அத்தியாயம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூவின் 'மியூசிக் ஆஃப் த ஸ்பியர்ஸ்', அதாவது கோள்களின் இசை. சுமார் ஏழு நிமிடம் ஓடும் குட்டி அத்தியாயம். 2008 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த டாக்டர் ஹூ ப்ராம் கச்சேரிக்கு நடுவே திரையிடுவதற்கென்றே எடுத்தது. எழுதியவர் அப்போது தொடரை நடத்திவந்த ரஸ்ஸல் டி டேவிஸ். இயக்கம் யூரோஸ் லின், இசை மர்ரே கோல்ட். டாக்டர் என்று அழைக்கப்படும் காலப்பயணி நாயகனாக டேவிட் டென்னன்ட்.

ப்ராம்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1895-இல் தொடங்கி லண்டனில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் இசை விழா. பல வருடங்களாக பிபிசிதான் நடத்துகிறது. கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் நாற்காலி கிடையாது. குறைந்த விலைச் சீட்டு வாங்கி நின்றபடியே கேட்கலாம். 2008-இல் முதல்முறையாக டாக்டர் ஹூவுக்கென்று ஒரு கச்சேரியை அதில் சேர்த்தார்கள். வாசித்தது பிபிசி ஃபில்ஹார்மோனிக். தொகுத்து வழங்கியவர் தொடரில் டாக்டரின் தோழி மார்த்தாவாக நடித்த ஃப்ரீமா அகியெமன்.

கதை சின்னதுதான். டார்டிஸ் என்ற தன் காலப்பயண வாகனத்துக்குள் டாக்டர் தனியாக உட்கார்ந்து இசை எழுதிக்கொண்டிருக்கிறார். பிரபஞ்சத்துக்கு ஒரு பாடல். கிரகங்களின் ஈர்ப்புவிசைகளை எண்களாக்கி, அந்த எண்களை ஒலியாக்கினால் கேட்பதுதான் கோள்களின் இசை என்கிறார். அந்த நேரத்தில் க்ராஸ்க் என்ற குட்டி வேற்றுக்கிரகவாசி உள்ளே வந்து குதிக்கிறது. அப்புறம் ஒரு மாய வாசல் திறக்கிறது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் ராயல் ஆல்பர்ட் ஹால், அதில் இத்தனை ஆயிரம் பேர். டாக்டர் அவர்களுக்கு வணக்கம் சொல்கிறார், தன் இசைத்தாள்களை வாசல் வழியாக இசைக்குழுவுக்கு வீசுகிறார், திரைக்குள் நின்றபடியே கைகளை அசைத்து அந்தக் குழுவை நடத்துகிறார். அரங்கத்தில் இருக்கும் நிஜ இசைக்குழு வாசிக்கிறது!

இதற்கிடையில் க்ராஸ்க் அந்த வாசல் வழியாகத் தப்பித்து ஓடிவிடுகிறது. திரையில் மறைந்த அடுத்த நொடி அரங்கத்துக்குள் நிஜமாகவே வந்து நிற்கிறது. கையில் தண்ணீர்த் துப்பாக்கி. கூட்டத்தைப் பார்த்துப் பீய்ச்சுகிறது. டாக்டர் அதைத் திரைக்குள் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்த ஏழு நிமிடம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றால், இது வேண்டுமென்றே பாதி மட்டும் எழுதப்பட்ட கதை. மீதிப் பாதி அரங்கத்தில் இருக்கிறது. டென்னன்ட் வணக்கம் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துகிறார் பாருங்கள், அந்த இடத்தில் ஸ்டுடியோவில் அவருக்கு எதிரே கேமராவும் படக்குழுவும்தான். எந்தக் கூட்டமும் கிடையாது. ஆனால் எத்தனை ஆயிரம் குரல்கள் பதில் சொல்லும், அந்தச் சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள். இடைவெளி குறைந்தால் அடுத்த வசனம் கைதட்டலில் மூழ்கிவிடும். கூடினால் திரையில் இருப்பவர் அசடு வழிவது போலத் தெரியும். அரங்கத்தில் பதிவு செய்ததைப் பாருங்கள், அந்த இடைவெளிகள் அத்தனையும் கச்சிதமாக நிரம்புகின்றன.

நான் வயலின்காரன். பாட்டுப் பதிவுகளில் காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் ஓட, மற்ற தந்தி வாத்தியக்காரர்களோடு சேர்ந்து வாசிப்பது எனக்குப் பழக்கமான வேலை. அதனால் இந்த விஷயத்தின் கஷ்டம் கொஞ்சம் தெரியும். வழக்கமாகப் படத்துக்கு நேரில் வாசிக்கும்போது இசைக்குழு நடத்துநரின் ஒரு கண் திரையில் இருக்கும். காதில் தாளம் ஓடும், படத்தின் வேகத்துக்குக் குழுவைக் கொண்டுபோவார். படம் யாருக்காகவும் நிற்காது. இங்கே கூடுதலாக ஒரு சிக்கல்: நடத்துவது போலத் தெரிபவர் படத்துக்குள் இருக்கிறார். அவர் கை இறங்கும் இடத்தில் வில்லும் இறங்கவேண்டும். கால் மாத்திரை தப்பினாலும் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். டாக்டரின் கையைப் பார்த்துக் குழு வாசிக்கிறது என்று ஏழு வயதுப் பிள்ளை நம்பினால் அதற்குப் பின்னால் எவ்வளவு ஒத்திகை இருந்திருக்கும்!

கோள்களின் இசை என்பது டேவிஸ் கற்பனையில் உருவானது இல்லை. பித்தாகரஸ் காலத்து யோசனை அது. கெப்ளர் 1619-இல் வெளியிட்ட நூலில் அதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார். ஒரு கிரகம் சூரியனுக்கு அருகில் வரும்போது வேகமாகவும், தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகரும். இந்த இரண்டு வேகங்களுக்கும் உள்ள விகிதத்தை அவர் சுர இடைவெளியாக எடுத்துக்கொண்டார். சனிக்கு ஏறக்குறைய 5:4 வந்தது, நம் கணக்கில் சட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம். பூமிக்கு 16:15, அதாவது சட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் வரைக்கும்தான். வயலினில் வாசித்துப் பாருங்கள், பூமியின் பாட்டு ஒரே இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். டாக்டர் பேசும் ஈர்ப்புவிசைக் கணக்கு கெப்ளர் போட்டதேதான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எண்ணிலிருந்து ஒலிக்குப் போகும் அந்தப் பாதை குறைந்தது நானூறு வருடப் பழமை உடையது. குழந்தைகள் கச்சேரிக்கு எழுதும் ஏழு நிமிடத்திலும் அதைக் கொண்டுவந்து வைத்த டேவிஸ் மீது எனக்குப் பெரிய மரியாதை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நான்காவது சீசன் அந்த ஜூலை 5-ஆம் தேதிதான் முடிந்திருந்தது. கூடப் பயணித்த டோனாவின் நினைவுகள் அழிந்து, டாக்டர் தனியாளாகத் திரும்பிப் போன முடிவு அது. மூன்று வாரம் கழித்து அரங்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேர் மனதிலும் அந்தத் துக்கம் இருந்திருக்கும். இங்கே அவர் தனியாக, ஆனால் உற்சாகமாக இசை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனசு லேசாகிறது. கடைசியில், உங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு இசை இருக்கிறது என்கிற மாதிரி கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார். வேறு இடத்தில் கேட்டால் சாதாரணப் பேச்சு. முதல்முறை இசைக்குழுவை நேரில் பார்க்க வந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது அதற்கு வேலை இருக்கிறது.

ஏனென்றால் அன்றைய நிகழ்ச்சியில் தொடரின் இசை மட்டும் இல்லை. ஹோல்ஸ்ட்டின் 'ஜூபிடர்', வாக்னர், ப்ரோகோஃபியேவ் எல்லாம் இருந்தது. மார்க்-அந்தோனி டர்னேஜின் 'டொரினோ ஸ்கேல்' கூட இருந்தது. விண்கல் பூமியில் மோதும் அபாயத்தை அளக்கும் அளவுகோலின் பெயர் வைத்த நவீனப் படைப்பு அது. தொடரின் வில்லன்களான டாலெக்குகளைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்கு இதையும் துணிந்து கொடுத்திருக்கிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

டென்னன்டுக்கு அடுத்து டாக்டராக நடித்த மாட் ஸ்மித், 2010 ப்ராமுக்கு நேரிலேயே வந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது, அதிலும் ஒரு மகிழ்ச்சி உண்டு. இருந்தாலும் என் ஓட்டு 2008-க்குத்தான். தேடிப் பார்ப்பதாக இருந்தால், படம் மட்டும் ஓடும் வடிவத்தை முதலில் போடாதீர்கள். கூட்டத்தின் சத்தத்தோடு அரங்கத்தில் பதிவானதை நல்ல ஹெட்ஃபோனில் பாருங்கள்.