பந்தை விடத் தெரிந்தவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன். டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது) நன்றாக வரும், இரண்டு கையாலும் ஆடுவான். ஆனால் ஒவ்வொரு மேட்சிலும் ஆறேழு முறை பந்தைப் பறிகொடுத்துவிடுகிறான் என்று கோச் திட்டுகிறார். அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரர் இந்தியானா பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன். அவரைப் பார்த்துத்தான் அந்தரத்தில் எம்பி பாஸ் கொடுக்கிறான், அதுவே பாதிப் பிரச்சினை என்கிறார் கோச். எனக்கும் சில கேள்விகள் உண்டு. அவருடைய ஷாட் பார்க்கவே கோணலாக இருக்கிறது. சக ஆட்டக்காரர்களே அவரை மிகையாகப் புகழப்பட்டவர் என்று ஓட்டுப் போட்டார்களாம். இப்போது குதிகால் நரம்பு வேறு அறுந்துவிட்டது. இப்படி ஒருவரை என் மகன் முன்மாதிரியாகக் கொள்வது சரிதானா? காயத்துக்குப் பிறகு அவரால் பழையபடி ஆட முடியுமா?

ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகனின் தேர்வு நல்ல தேர்வு. அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறான் என்பதில்தான் சிக்கல். எம்பிக் கொடுக்கும் பாஸ் கண்ணுக்குப் படுகிறது, அதனால் அதை எடுத்துக்கொண்டான். ஹாலிபர்ட்டனை ஹாலிபர்ட்டனாக ஆக்கியது வேறொன்று: பந்தைச் சீக்கிரம் கையைவிட்டு அனுப்புவது, அனுப்பும்போது தொலைக்காமல் அனுப்புவது.

2023-24 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 10.9 அசிஸ்ட், அதாவது சக ஆட்டக்காரர் கூடை போடவைத்த பாஸ். அமெரிக்க லீகான என்பிஏவிலேயே முதலிடம். அதே சீசனில் அவர் பந்தை இழந்தது ஆட்டத்துக்கு 2.3 முறை. அடுத்த சீசனில் அசிஸ்ட் 9.2 ஆகக் குறைந்தது, ஆனால் இழப்பு 1.6. அதாவது ஒருமுறை தொலைப்பதற்குள் ஐந்து கூடைக்கு மேல் போடவைத்துவிடுகிறார். சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப்பில், 2025இல், நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் 32 புள்ளி, 15 அசிஸ்ட், 12 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), இழப்பு பூஜ்யம். 1977-78இல் டர்ன்ஓவர் எனப்படும் இந்த இழப்புக்குக் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து பிளேஆஃப்பில் யாரும் இப்படியொரு ஆட்டம் ஆடியதில்லை.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்று உங்கள் மகனுக்கு இப்படிச் சொல்லலாம். என்பிஏவில் ஒரு அணி பந்தைக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக 1.1 புள்ளியைவிடச் சற்று அதிகம் எடுக்கிறது. பந்தைத் தொலைத்தால் அந்த வாய்ப்பு முழுசாகப் போயிற்று. அதோடு விடுவதும் இல்லை. தொலைப்பதில் இரண்டு வகை உண்டு. பந்து கோட்டுக்கு வெளியே போனால் விசில் அடிக்கும், உங்கள் ஐந்து பேரும் திரும்பி வந்து நிற்க நேரம் கிடைக்கும். எதிராளி கையில் உயிரோடு சிக்கினால், அவன் ஓடிப்போய் ஆளில்லாத கூடையில் போட்டுவிடுவான். கோச்சிடம் ஸ்கோர்புக் இருக்கும். மகனின் கடைசிச் சில ஆட்டங்களின் இழப்புகளை இந்த இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் வகைதான் பெரும்பாலும் இருக்கும் என்பது என் ஊகம். எம்பிக் கொடுக்கும் பாஸ் வழிமறிக்கப்படுவது அப்படித்தான்.

அந்த பாஸுக்கே வருகிறேன். பந்தோடு தரையை விட்ட பிறகு, அதே பந்தோடு தரையைத் தொட்டால் டிராவல் என்ற தவறு, பந்து எதிரணிக்கு. எனவே எம்பியவனுக்கு ஒரு நொடிகூடக் கிடையாது, அதற்குள் விட்டாக வேண்டும். இளம் ஆட்டக்காரர்கள் எம்பிய பிறகு ஆளைத் தேடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. ஹாலிபர்ட்டன் எம்புவதற்கு முன்பே இரண்டு பேரைப் பார்த்துவைத்திருப்பார். எம்புவது தன்னைத் தடுப்பவனை இழுத்துக்கொள்ளத்தான். முதல் ஆளுக்கு வழி அடைபட்டால் பந்து இரண்டாம் ஆளுக்குப் போகும். தவிர அவர் உயரம் ஆறடி ஐந்து அங்குலம். பாயிண்ட் கார்டுகளில் அது உயரமான கணக்கு, தடுப்பவனின் கைக்கு மேலாகப் பார்க்கலாம். உங்கள் மகன் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி நின்று, பிவட் செய்து (ஒரு காலை அசைக்காமல் திரும்பி) பாஸ் கொடுத்துப் பழகட்டும். இந்த விஷயத்தில் கோச் சொல்வதே சரி.

பார்த்துக் கற்க வேண்டியது பிக் அண்ட் ரோல். பெரிய ஆட்டக்காரர் வந்து ஸ்க்ரீன் வைக்கிறார், அதாவது தடுப்பாளரின் வழியை மறித்து அசையாமல் நிற்கிறார். ஹாலிபர்ட்டன் அதை உரசிக்கொண்டு திரும்புகிறார். இங்கே பெரும்பாலான சிறுவர்கள் வேகமெடுப்பார்கள். அவர் வேகத்தைக் குறைப்பார். துரத்தி வரும் தடுப்பாளரைத் தன் முதுகில் ஒட்டவைத்துக்கொள்வார், அவன் முன்னால் வரவும் முடியாது, விலகவும் முடியாது. இப்போது முன்னால் எதிரணியின் பெரிய ஆள் ஒருவர்தான். அவருக்கெதிராக ஹாலிபர்ட்டனும் ஸ்க்ரீன் வைத்தவரும், இரண்டுக்கு ஒன்று. பெரிய ஆள் கூடையருகே பின்வாங்கி நின்றால், அதை டிராப் என்பார்கள், அவர் கைக்கு மேலாக மெல்ல உயர்த்திவிடும் ஃப்ளோட்டர் போடலாம். அல்லது மைல்ஸ் டர்னர் இருந்த காலத்தில் செய்ததுபோல, ஸ்க்ரீன் வைத்தவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நழுவி நிற்க, பந்து அவருக்குத் திரும்பிப் போகும். பெரிய ஆள் மேலேறி வந்தால் அவர் காலடியில் துள்ளவிட்டு உள்ளே ஓடுபவருக்குக் கொடுக்கலாம்.

இதுவரை எல்லாப் பாயிண்ட் கார்டுகளும் செய்வதுதான். ஹாலிபர்ட்டன் பார்ப்பது மூன்றாவது ஆளை. உள்ளே ஓடுபவரைத் தடுக்க, எதிர்ப்பக்க மூலையில் நிற்கும் தடுப்பாளர் ஓரடி உள்ளே வந்தாக வேண்டும். அந்த ஓரடிக்காகத்தான் அவர் காத்திருக்கிறார். கண்கள் உள்ளே ஓடுபவர் மேல் இருக்கும். மூலைத் தடுப்பாளரின் கால் அசைந்ததும் பந்து மூலைக்குப் பறக்கும், அங்கே ஆளில்லாமல் ஒருவர் நிற்பார். காணொளியில் பந்தைப் பார்க்காமல் அந்த மூலைத் தடுப்பாளரின் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து முறை பார்த்தால் புரிந்துவிடும். பயிற்சியில் இதற்கு ஐந்து பேர் போதும்: ஸ்க்ரீன் வைப்பவர், மூலையில் ஒருவர், தடுக்க இருவர், உங்கள் மகன். இருவரில் ஒருவர் பெரிய ஆள், மற்றவர் மூலைத் தடுப்பாளர். அவர் உள்ளே வந்தால் மூலைக்கு, வராவிட்டால் உள்ளே ஓடுபவருக்கு. இரண்டு டிரிபிளுக்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இன்னொன்று, எதிரணி கூடை போட்ட உடனே நடப்பது. நம் பிள்ளைகள் அப்போது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடப்பார்கள். ரிக் கார்லைல் பயிற்றுவித்த பேசர்ஸ் அணியில் பெரிய ஆள் வலையிலிருந்து விழும் பந்தைப் பிடித்த கையோடு கோட்டுக்கு வெளியே கால்வைத்து எறிந்துவிடுவார், ஹாலிபர்ட்டன் ஓடிக்கொண்டே வாங்குவார். பாதி மைதானத்தைக் கடக்க விதி 8 நொடி தருகிறது, அவர்களுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. முன்னால் ஓடுபவர் தெரிந்தால் டிரிபிளே கிடையாது, நீண்ட பாஸ்தான். எதிரணி திரும்பி வந்து நிற்பதற்குள் ஷாட் போயிருக்கும். பந்து மனிதனைவிட வேகமாகப் போகும் என்பதை எல்லாக் கோச்சும் சொல்கிறார்கள், ஆட்டத்தில் செய்பவர்கள் குறைவு. டிரிபிள் நன்றாக வரும் பிள்ளைக்கு இது இன்னும் கடினம், தன் திறமையைக் காட்டாமல் விட வேண்டியிருக்கிறது.

ஷாட் கோணல்தான், ஒப்புக்கொள்கிறேன். மார்பருகிலிருந்து தள்ளிவிடுவதுபோல் போகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கோணல். முதல் சீசனிலேயே மூன்று புள்ளி ஷாட்டில் 40.9 விழுக்காடு. பந்து தாழ்வாகக் கிளம்புவதால் நெருங்கி நிற்பவன் கை வைத்துத் தடுத்துவிடலாம். அதற்கு அவர் கண்ட மாற்று தூரம்: கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றோ, பின்னால் ஓரடி எடுத்துவைத்தோ போடுவார். பதினைந்து வயதில் வடிவத்தைத் திருத்தலாம், திருத்த வேண்டும். கோணலான வடிவத்தோடும் ஒருவர் வரலாம் என்பதற்கு அவர் சாட்சி, அவ்வளவே.

அவர் வந்த பாதையும் நேரானதல்ல. விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்காஷில் 2000 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர் (பிறந்தநாள் நாலு வருடத்துக்கு ஒருமுறை). பள்ளி ஆட்டக்காரர்களுக்குத் தரும் நட்சத்திர மதிப்பீட்டில், பள்ளி முடிக்கும்போது ஐந்து இல்லை, மூன்று நட்சத்திரம்தான். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் சராசரி 6.8 புள்ளி. ஆனால் அதே வருடம் ஒரு ஆட்டத்தில் 17 அசிஸ்ட், அது அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனை. இரண்டாம் வருடம் மணிக்கட்டு உடைந்து சீசன் பாதியில் நின்றது. என்பிஏ அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் 2020 டிராஃப்டில் பன்னிரண்டாவது ஆளாக சாக்ரமெண்டோ கிங்ஸ் எடுத்தது.

அங்கே ஏற்கெனவே டிஆரன் ஃபாக்ஸ் இருந்தார். பந்தைக் கையில் வைத்து ஆடும் இரண்டு பேர் ஒரே அணியில், ஒருவர் பந்தோடு இருக்கும்போது இன்னொருவர் மூலையில் நிற்க வேண்டும். 2022 பிப்ரவரியில் கிங்ஸ் அவரை இந்தியானாவுக்குக் கொடுத்து டொமன்டாஸ் சபோனிஸை வாங்கியது. அன்று கிங்ஸைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். கிங்ஸ் அடுத்த வருடமே 16 சீசன் வறட்சிக்குப் பிறகு பிளேஆஃப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹாலிபர்ட்டனின் அசிஸ்ட், அணி மாறிய அந்த 2021-22 சீசனுக்குள்ளேயே 7.4இலிருந்து 9.6 ஆனது. திறமை ஒரு வாரத்தில் வளரவில்லை, பந்து அவர் கைக்கு வந்தது.

சம்பளக் கதை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் காயத்தோடு தொடர்புடையது. 2023இல் அவர் ஐந்தாண்டு நீட்டிப்பில் கையெழுத்திட்டார். அதில் ஒரு விதி: சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியலான ஆல்-என்பிஏ அணிகளில் ஒன்றில் தேர்வானால் முதல் வருடச் சம்பளம் லீகின் சம்பள உச்சவரம்பில் 25 விழுக்காட்டுக்குப் பதில் 30 விழுக்காடு. தேர்வாக வேண்டுமென்றால் குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும், அது அந்த வருடம்தான் வந்த விதி. 2024 ஜனவரியில் பாஸ்டனுக்கு எதிராக இடது தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டது. விரைவில் திரும்பினார், நிமிட வரம்போடு ஆடினார், 69 ஆட்டம் சேர்த்தார், ஆல்-என்பிஏ மூன்றாம் அணியில் இடம்பிடித்தார். முதல் வருடத்துக்கு மட்டுமே ஏறத்தாழ 70 லட்சம் டாலர் வித்தியாசம். ஆனால் சீசனின் பின்பாதியில் அவர் ஆட்டம் முன்பாதிபோல் இல்லை. அந்த விதியை முட்டாள்தனம் என்று அவரே சொன்னார். எனக்கும் அதுவே தோன்றுகிறது.

ஓட்டெடுப்பு பற்றி. 2025 ஏப்ரலில் ஆட்டக்காரர்களிடம் பெயர் வெளியிடாமல் தி அத்லெட்டிக் என்ற விளையாட்டுச் செய்தித் தளம் நடத்தியது, மிகையாகப் புகழப்பட்டவர் பட்டியலில் அவர் முதலிடம். காரணம் முழுக்கப் பொறாமை அல்ல. சில ஆட்டங்களில் அவர் ஷாட்டே எடுக்காமல் ஒதுங்கிவிடுவார். தடுப்பாட்டமும் சுமார், எதிரணியின் சிறந்த கார்டைப் பிடிப்பது பெரும்பாலும் ஆண்ட்ரூ நெம்ஹார்டு. ஓட்டு வெளிவந்த அடுத்த வாரங்களில் நடந்தது ஊரறிந்தது. மில்வாக்கி, கிளீவ்லாண்ட், ஓக்லஹோமா சிட்டி ஆகிய மூன்று அணிகளுக்கும் எதிராகத் தலா ஒரு ஆட்டத்தைக் கடைசி இரண்டு நொடிக்குள் போட்ட கூடையால் வென்றார். நியூயார்க்கில் கடைசி மூன்று நிமிடத்தில் 14 புள்ளி பின்தங்கிய ஆட்டத்தை அவர் ஷாட் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனது. கிளீவ்லாண்ட் ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டு, அந்த ரீபவுண்டைத் தானே எடுத்து, பின்னால் போய் மூன்று புள்ளி போட்டார். ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான ஃபைனல் தொடரின் முதல் ஆட்டத்தில் பேசர்ஸ் முன்னிலையில் இருந்தது மொத்தமே 0.3 நொடி.

பிறகு காயம். ஃபைனல் ஐந்தாவது ஆட்டத்தில் வலது கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. ஆறாவதில் ஆடினார். 2025 ஜூன் 22, ஏழாவது ஆட்டம், மூன்று புள்ளி ஷாட்டில் மூன்று போட்டிருந்தார், முதல் கால்பகுதி முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் கூடையை நோக்கிப் பாயத் தொடங்கினார், விழுந்தார். அறுந்தது வலது அக்கிலீஸ் தசைநாண், நீங்கள் குதிகால் நரம்பு என்றது. அந்தத் தசைநாண் கெண்டையின் இரண்டு தசைகளையும் குதிகால் எலும்போடு இணைப்பது. முன்னே பாய்வதற்காக ஒரு காலைப் பின்னால் ஊன்றும்போது குதிகால் தரையில், முழங்கால் நிமிர்கிறது: தசைநாண் நீளும் அதே கணத்தில் கெண்டை அதைச் சுருக்கி இழுக்கிறது. அறுபவை பல அப்படித்தான் அறுகின்றன. கெண்டைப் பிடிப்பு முன்னோடியா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 2019 ஃபைனலில் கெவின் டூரன்டுக்கும் கெண்டைக் காயத்திலிருந்து திரும்பிய ஆட்டத்திலேயே அறுந்தது.

திரும்ப முடியுமா என்றீர்கள். 2025-26 முழுவதும் அவர் ஆடமாட்டார் என்று அணி முன்பே அறிவித்துவிட்டது, அது நல்ல முடிவு. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் பொதுக் கணக்கு. தைத்த தசைநாண் சற்றே நீண்டு ஆறினால்கூட உந்துவிசை குறையும், முதல் அடியும் எம்பலும் அடிவாங்கும். இதே தசைநாண் அறுந்த ஜான் வாலின் ஆட்டம் முழுக்க அந்த முதல் அடியில் நின்றது, 2019க்குப் பிறகு அவர் பழைய வால் இல்லை. டூரன்ட் உயரத்தாலும் ஷாட்டாலும் ஆடுபவர், மறுபடி உச்சத்துக்கு வந்தார். ஹாலிபர்ட்டன் டூரன்ட் பக்கம்தான் அதிகம். பாஸுக்கும் தூர ஷாட்டுக்கும் கண்ணும் உயரமும் போதும். பின்னால் அடி எடுத்துவைக்கும் அந்த ஷாட்டும் தடுப்பாட்டமும் எப்படி இருக்கும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

உங்கள் மகனுக்குக் கெண்டையில் வலி வந்தால் ஒன்று செய்யுங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள், முழங்கால் மடங்கக் கூடாது. இரண்டு காலும் வலியில்லாமல் சமமான எண்ணிக்கை செய்யும்வரை மைதானத்துக்கு அனுப்ப வேண்டாம், மண்டலப் போட்டியே இருந்தாலும்.